வயது முடிந்தது என்று சொல்ல யாருக்கு உரிமை?

“உனக்கு வயது முடிந்துவிட்டது. அடுத்த மாதத்தோடு பேர் கிடையாது.”

மலைநாட்டுத் தோட்டங்களின் பிரட்டுக் களத்தில், விடியற்காலைப் பனியில் நின்றவாறு இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்ட தாய்மார் பலர். கேட்டவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. சொன்னவர் கணக்கப்பிள்ளை, அவர் கையில் இருப்பது செக்றோல், செக்றோலில் உள்ளதே சட்டம் என்று நம்பி நம் மக்கள் பல தலைமுறைகளை ஓட்டிவிட்டனர். ஆனால் செக்றோல் வேறு, சட்டம் வேறு. சட்டம் அவ்வாறு கூறவில்லை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டனில் உள்ள என் அலுவலகத்துக்குச் சில காலத்துக்கு முன் ஒரு தாயார் வந்தார். பதினேழு வயதில், 1990ஆம் ஆண்டில், கூடை சுமக்கத் தொடங்கியவர். 2023இல் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. தோட்டக் கந்தோருக்கு அழைத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். சில மாதங்களில் சேமலாப நிதிப் பணம் வந்தது. மகளின் திருமணக் கடன், அடகு வைத்த நகை, கடைப் பற்று என்று ஆறு மாதத்துக்குள் அது கரைந்தது. இப்போது அதே மலையில், அதே கொழுந்தை, கைக்காசுக்குப் பறிக்கிறார். நேற்று வரை தொழிலாளி; இன்று வந்து போகும் கூலி.

“ஐயா, என்னை நிறுத்தியது சரியா?” என்று அவர் கேட்கவில்லை. “ஐயா, இன்னும் ஏதாவது பணம் வருமா?” என்றே கேட்டார். தாம் இழந்தது பணம் மட்டுமன்று, உரிமையும் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் கைநாட்டு வைத்த தாளின் படியை வாங்கிப் பார்த்தேன். “என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்” என்று ஆங்கிலத்தில் தட்டெழுத்தில் இருந்தது. ஆங்கிலம் அறியாத ஒருவர், எழுத்தறியாத ஒருவர், தம் சொந்த விருப்பத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறார்!

இங்கே இரண்டு சட்டங்கள் உள்ளன. இரண்டு வயதுகளும் உள்ளன. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேயே தொழிலாளியின் இழப்புத் தொடங்குகிறது.

முதலாவது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். பண்டாரநாயக்கா அரசாங்கத்தில் தொழில் அமைச்சராக இருந்த டி. பி. இலங்கரத்ன காலத்தில் வந்தது. வேலையை விட்டு விலகிய பெண் ஐம்பது வயதிலும், ஆண் ஐம்பத்தைந்து வயதிலும் தம் பணத்தைப் பெறலாம் என்று இச்சட்டம் கூறுகிறது. ‘பெறலாம்’ என்பதே சொல். ‘விலகியே ஆகவேண்டும்’ என்று சட்டத்தின் எந்தப் பிரிவும் கூறவில்லை.

இரண்டாவது, 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளரின் ஆகக் குறைந்த ஓய்வு வயதை வரையறுக்கும் சட்டம் இது. பதினைந்து பேருக்கு மேற்படத் தொழிலாளரை வைத்திருக்கும் எந்த முதலாளியும், வயதைக் காரணங் காட்டி, அறுபதுக்கு முன் ஒருவரை ஓய்வில் அனுப்பக் கூடாது. ஆணுக்கும் அறுபது, பெண்ணுக்கும் அறுபது. இச்சட்டம் வருவதற்கு முன் தனியார் துறைக்கென ஓய்வு வயதைக் கூறும் பொதுச் சட்டம் இருக்கவில்லை. ஆகவே சேமலாப நிதி கூறிய வயதையே ஓய்வு வயதாகப் பலரும் வழக்கத்திற் கொண்டனர். அந்த வழக்கம் 2021 நவம்பரோடு ஒழிந்தது. ஆனால் பிரட்டுக் களத்தில் அது இன்னும் ஒழியவில்லை.

சுருங்கக் கூறின், ஐம்பது என்பது அனுமதி. அறுபது என்பது அரண். அனுமதியைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் தொழிலாளியின் விருப்பம். அரணை இடிக்கும் உரிமை துரைக்கும் இல்லை, கணக்கப்பிள்ளைக்கும் இல்லை, தொழிற்சங்கத் தலைவருக்கும் இல்லை. அரணுக்கு உள்ளே இருப்பவரை வெளியே கொண்டுவர ஒரே வழி, அவர் கையாலேயே கதவைத் திறக்கச் செய்வது. அந்தக் கதவுதான் மேலே கூறிய கைநாட்டுத் தாள்.

இந்தப் பத்து ஆண்டுகளின் விலை என்ன? உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்ப்போம்.

ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்கு வரவேண்டிய பணம் மூன்று வகைப்படும். ஒன்று சேமலாப நிதி. 1958இல் முதலாளி நூற்றுக்கு 6, தொழிலாளி நூற்றுக்கு 4 என்று தொடங்கிய இது, இன்று முதலாளி 12, தொழிலாளி 8 என்று வளர்ந்துள்ளது. இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதி. மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி வரும் பணிக்கொடை. ஐந்து ஆண்டு சேவை முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம். அதுவும் எந்தச் சம்பளம்? கடைசியாகப் பெற்ற சம்பளம். இந்தக் கடைசிச் சொல்லை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்.

அந்தத் தாயார் விலகியபோது நாட் சம்பளம் 1,000 ரூபா. சேவை முப்பத்து மூன்று ஆண்டுகள். ஆகவே பணிக்கொடை 4,62,000 ரூபா. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அதுவரை அவர் பெயர் செக்றோலில் இருந்திருந்தால், முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு 6,42,600 ரூபா. ஓராண்டு பொறுத்திருந்தால் 1,80,600 ரூபா கூடுதல். கூடுதலான ஓராண்டுக்கு மட்டும் வந்த பணமன்று இது. பழைய முப்பத்து மூன்று ஆண்டுகளின் மதிப்பும் ஒரே நாளில் உயர்ந்ததால் வந்த பணம். அறுபது வரை நின்றிருந்தால், அதன்பின் சம்பளம் ஒரு சதமேனும் உயராது என்று வைத்துக்கொண்டாலும், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு 8,12,700 ரூபா.

சேமலாப நிதிக்கும் அவ்வாறே. மாதம் இருபத்திரண்டு நாள் வேலை என்று கொண்டால், 1,350 ரூபா வீதம் மாதச் சம்பளம் 29,700 ரூபா. அதில் நூற்றுக்கு இருபது 5,940 ரூபா. பத்து ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, ஏழு இலட்சத்துக்கு மேல். அதிற் பெரும் பங்கு முதலாளி தரவேண்டியது. தொழிலாளியைக் கைக்காசுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் முதலாளிக்கு இலாபமாக முடிகிறது. ‘வயது முடிந்தது’ என்ற சொல்லின் விலை இதுவே.

இங்கே சட்டத்தின் மற்றொரு பக்கத்தையும் கூறிவிட வேண்டும். கைக்காசுக்கு வேலை செய்பவருக்குச் சேமலாப நிதி இல்லை என்பது தவறான எண்ணம். நிரந்தரமாக இருப்பினும் தற்காலிகமாக இருப்பினும், வேலை வாங்கப்பட்டவர் ஊழியரே. அவர் பேரில் பணம் செலுத்தப்படவேண்டும். ஓய்வு பெற்ற பின் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவரும் இதிலிருந்து நீக்கப்பட்டவர் அல்லர். கேட்பார் இல்லாததால் கொடுப்பாரும் இல்லை, அவ்வளவே.

இனி, சேமலாப நிதிக்கு அடிப்படையாகும் சம்பளம் எது என்பதைக் காண்போம். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை நினைவு கூருங்கள். நாட் சம்பளம் 730 ரூபா என்று மேடைகளிற் பேசப்பட்டது. உண்மையில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. வரவுக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தி ஊக்கம் 140 என்று மிகுதி 230 ரூபா தனித்தனியே வைக்கப்பட்டது. சேமலாப நிதி 500 ரூபாவுக்கே கணக்கிடப்பட்டது. நூற்றுக்கு இருபது வீதம் நாளொன்றுக்கு 100 ரூபா. 730 ரூபாவும் அடிப்படையாக இருந்திருப்பின் 146 ரூபா. நாளொன்றுக்கு 46 ரூபா தொழிலாளியின் முதுமையிலிருந்து அகற்றப்பட்டது. மேடையிற் கைதட்டல் 730க்கு. முதுமைக் கணக்கில் வரவு 500க்கு!

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக்குவதென்றும், அதற்கு மேல் வரவு ஊக்கத் தொகையாக 200 ரூபாவை அரசாங்கம் வழங்குமென்றும் கூறப்பட்டது. ஊக்கத் தொகை வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் ஊக்கத் தொகை அன்றைய அடுப்புக்கு உதவும்; அடிப்படைச் சம்பளம் அன்றைய அடுப்புக்கும் உதவும், முதுமையின் அடுப்புக்கும் உதவும். இனிச் சம்பளப் பேச்சுக்கு அமரும் தலைவர்கள் எத்தனை ரூபா என்று மட்டும் கேளாது, எந்தப் பெயரில் அந்த ரூபா என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பின், தொழிலாளி ஒருவர் என்னை மறித்துக் கேட்கக் கூடும்: “ஐயா, நீங்கள் மேசையில் இருந்து கணக்குப் பார்க்கிறீர்கள். அட்டை கடிக்கும் சரிவில், மழையில், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறுவது நாங்கள். ஐம்பதில் எங்கள் முழங்கால் போய்விடுகிறது. அறுபது வரை நில் என்று சொல்வது நியாயமா?”

நியாயமான கேள்வி. அறுபது வரை நின்றே ஆகவேண்டும் என்று நான் கூறவில்லை. உடல் மறுத்தால் ஓய்வு பெறுவதே முறை. அதற்காகவே சட்டம் ஐம்பது என்று வைத்தது. நிரந்தரமாக உடல் இயலாது போனால் அந்த வயதுக்கு முன்னரும் பணத்தைப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. நான் கூறுவது ஒன்றே: விலகுவது உங்கள் முழங்காலின் முடிவாக இருக்கட்டும், கணக்கப்பிள்ளையின் முடிவாகவோ கடன்காரனின் முடிவாகவோ இருக்க வேண்டாம். ஐம்பதில் விலகி, மறுவாரமே அதே மலையில் கைக்காசுக்கு ஏறுபவர் ஓய்வு பெற்றவர் அல்லர்; உரிமையை மட்டும் இழந்தவர்.

இன்னொருவர் வேறொரு கேள்வி கேட்கக் கூடும்: “பணத்தை அங்கே விட்டுவைத்தால் அரசாங்கம் விழுங்கிவிடாதா?” இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. 2022 ஏப்பிரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி நூற்றுக்கு எழுபது அளவுக்கு ஏறியது. அவ்வாண்டுக்கு நிதியம் கொடுத்த வட்டி நூற்றுக்கு 9. ஒரு மூட்டை அரிசிக்கு வைத்திருந்த பணம் அந்த ஒரு மூட்டைக்குப் போதாமற் போயிற்று. அதன்பின் 2023 ஜூலை முதலாம் நாள் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. சேமலாப நிதியத்தின் பணத்தில் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளிலேயே இடப்பட்டுள்ளது. அந்த முறிகளை நெடுங்காலத்துக்கு நீட்டி, முதலிற் சிறிது காலம் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; மாற்ற மறுக்கும் நிதியங்களுக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்று சொல்லப்பட்டது. மாற்றுவதா, மறுப்பதா என்று எந்தத் தொழிலாளியையும் எவரும் கேட்கவில்லை.

வங்கிகளின் கையிலிருந்த முறிகள் தொடப்படவில்லை. தனிப்பட்ட முதலீட்டாளரின் முறிகளும் தொடப்படவில்லை. ஓய்வுக்கால நிதியங்கள் மட்டுமே சுமையை ஏற்றன. நாடு கடனில் மூழ்கியபோது தோள் கொடுத்தவர்களில், மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் கொழுந்து பறிக்கும் தாய்மாரும் உள்ளனர். தேசபக்தர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை என்பது வேறு விடயம்.

இஃது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அநீதிக்கு மருந்து முன்கூட்டியே பணத்தை எடுத்துவிடுவதா? எடுத்த பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். நிலையான வைப்பில் இடுபவர் சிலர்; அந்த வைப்பின் வட்டியும் 2024க்குப் பின் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இறங்கிற்று. பெரும்பாலோரின் பணம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி வாங்கும் கடன்காரனின் கைக்கே போகிறது. அரசாங்கத்திடம் இருந்தால் தேய்கிறது. கடன்காரனிடம் போனால் மறைகிறது. தேய்வதை அரசியல் முயற்சியால் தடுக்கலாம். மறைந்ததை எவராலும் மீட்க முடியாது.

நம் மக்களுக்குச் சேமலாப நிதியை உடனே எடுத்துவிடும் பழக்கம் எவ்வாறு வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1948இல் இம்மக்களின் குடியுரிமை பறிபோயிற்று. பத்து ஆண்டுகளின் பின் வந்த சேமலாப நிதிச் சட்டம், ஊழியனா என்று கேட்டதே அன்றிக் குடிமகனா என்று கேட்கவில்லை. நாடு இல்லை என்று சொல்லப்பட்ட மக்களுக்கு இந்நாட்டின் சட்டம் தந்த சில உரிமைகளுள் அது ஒன்று. ஆனால் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. போகிறவர்கள் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம் என்பதும் அவ்வுடன்படிக்கையின் ஒரு வாசகம். அன்று முதல் சேமலாப நிதி என்பது புறப்படுகிறவனின் பணமாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்களின் மடியில் இருந்தது அதுவே. ‘பணம் வந்தது’ என்றால் ‘புறப்படும் நாள் வந்தது’ என்று பொருளாயிற்று.

இன்று நாம் புறப்படுகிறவர்கள் அல்லர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு குடியுரிமைக் கேள்வி முடிவுற்றது. இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணிலே முதுமையுறப் போகிறவர்கள் நாம். ஆகவே புறப்பாட்டுப் பணமாக இருந்ததை இனி வாழ்வுப் பணமாக மாற்றிக்கொள்ளும் எண்ணம் வேண்டும். ஒரே முறை வாங்கி ஒரே முறை செலவிடும் பணமாக அன்றி, அறுபதிலிருந்து எண்பது வரை கஞ்சி வார்க்கும் பணமாக அதைக் காண வேண்டும்.

இதற்கு அரசாங்கம் செய்யவேண்டுவன சில உண்டு.

தொழிலாளி தம் விருப்பத்தின்படி, தம் சேமலாப நிதியின் ஒரு பகுதியை மாதாந்த ஓய்வூதியமாகப் பெறும் வழியை அரசாங்கம் ஏற்படுத்துதல் வேண்டும். ஒரே லயத்தில் மகன் ஆசிரியர், தாய் கொழுந்து பறிப்பவர் என்ற குடும்பங்கள் இன்று பல. மகனுக்கு ஓய்வின் பின் சாகும் வரை மாதந்தோறும் ஓய்வூதியம். தாய்க்கு ஒரு முறை ஒரு காசோலை, அதன்பின் மகனின் தயவு. சிங்கப்பூரில் சேமலாப நிதியின் ஒரு பகுதி உயிருள்ள வரை மாதப் பணமாக வழங்கப்படுகிறது. இங்கு ஏன் இயலாது?

ஆனால் விருப்பத்தின்படி என்பதை அழுத்திக் கூறுகிறேன். 2011இல் தனியார் துறைக்கு ஓய்வூதியச் சட்ட மூலம் ஒன்றைக் கட்டாயமாகக் கொண்டுவர அரசாங்கம் முயன்றது. தொழிலாளரைக் கலந்துகொள்ளவில்லை, அவர்கள் நம்பவுமில்லை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் எழுந்த எதிர்ப்பின்மீது மே மாதம் 30ஆம் நாள் பொலிஸார் சுட்டனர். ரொஷேன் சானக்க என்னும் இளந் தொழிலாளி உயிரிழந்தார். சட்ட மூலம் கைவிடப்பட்டது. பணம் யாருடையதோ அவரைக் கேளாமல் அதற்குச் சட்டம் செய்யலாகாது என்பதே அந்த இரத்தம் எழுதிய பாடம்.

உழவர்களாகிய வாசகர்களுக்கும் இதிற் பாடமுண்டு. 1987ஆம் ஆண்டில் விவசாயிகளுக்கென ஓய்வூதியத் திட்டம் ஒன்று சட்டமாயிற்று. தவணைப் பணம் செலுத்திய உழவர் அறுபது வயது முதல் மாதப் பணம் பெறுவர் என்றார்கள். 2012ஆம் ஆண்டளவில் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றது. 2014இலேயே மீண்டும் தொடங்கிற்று. சுரக்கும் ஊற்று எது என்று பாராமல் வாய்க்கால் வெட்டினால் வந்து சேரும் நிலை அது. ஆகவே ஓய்வூதியம் கேட்கும் நாம், அந்த ஓய்வூதியத்துக்கு நிதி எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நிதியத்தின் முதலீடு பற்றிய முடிவுகளில் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். சேமலாப நிதியத்தின் இருப்பு மூன்று இலட்சம் கோடி ரூபாவுக்கு மேற்பட்டது. இந்நாட்டில் அதைவிடப் பெரிய ஓய்வு நிதி வேறில்லை. அதன் ஒவ்வொரு ரூபாவும் ஒத்தி வைக்கப்பட்ட கூலி. கூலிக்கு உரியவனுக்கு அதன் முதலீட்டிற் குரலில்லை என்பது 2023இல் வெளிப்பட்டது.

காணி உரிமையும் வேண்டும். பத்து ஆண்டு செலுத்தியவர், கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவேனும் இருப்பின், வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ நூற்றுக்கு முப்பது வரை முன்னரே பெறலாம் என்று 2015இல் வழி செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் தம் பேரில் ஒரு பேர்ச் காணிக்கும் உறுதி இல்லாதவர் வீட்டுக்கென்று எவ்வாறு விண்ணப்பிப்பார்? லயக் காம்பிராவில் குடியிருக்க, வீட்டில் ஒருவரேனும் தோட்டத்திற் பேர் பதிந்திருக்க வேண்டும் என்ற நிலை நீடிக்கும் வரை, முதியவரின் ஓய்வு அவர் பிள்ளையின் அடிமைத்தனத்தோடு கட்டப்பட்டே இருக்கும்.

அரசாங்கம் செய்யவேண்டியது இவ்வாறிருக்க, இன்றே நாம் செய்யக் கூடியதும் உண்டு. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

முதலிற் பெயரைச் சரி பாருங்கள். செக்றோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். தோட்டக் கந்தோரில் ஆங்கிலத்தில் எழுதியவரின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே பெயர் ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற பின் இதைத் திருத்தச் சத்தியக் கடதாசியும் அலைச்சலும் மாதக் கணக்கில் தேவைப்படும். வேலையில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

அடுத்துக் கணக்கிலக்கம். 1970களிற் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. முதலாளி மாறியபோது பலருக்குச் சேமலாப நிதி இலக்கமும் மாறிற்று. ஆகவே ஒரே தொழிலாளிக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம். கடைசிக் கணக்கை மட்டும் பெற்றுக்கொண்டு பழையதை மறந்தவர்கள் உண்டு. அன்றியும், சில தோட்டங்களில் மத்திய வங்கியிலுள்ள பொது நிதியத்துக்கு அன்றி, அங்கீகாரம் பெற்ற தனியார் சேமலாப நிதியங்களுக்கே பணம் செல்கிறது. உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்பதை இன்றே கேட்டறியுங்கள்.

மூன்றாவது, செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் முதலாளி செலுத்தவேண்டும் என்பது சட்டம். தவறினால் மேலதிகக் கட்டணம் உண்டு. ஓராண்டுக்கு மேல் தாமதித்தால் அது நூற்றுக்கு ஐம்பது வரை ஏறும். நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரமுண்டு. ஆயினும், அரசாங்கத்துக்கே சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களில் இப்பணம் பல ஆண்டுகள் நிலுவையாகக் கிடந்த கதை பாராளுமன்றத்திலே பேசப்பட்டதன்றோ! முப்பது ஆண்டு கழித்துக் கண்டுபிடிக்கப்படும் நிலுவைக்கு நீதிமன்றம் மருந்து. முதலாம் ஆண்டிலே கண்டுபிடிக்கப்படும் நிலுவைக்கு ஒரு கடிதமே போதும்.

நான்காவது, படித்துப் பாராத தாளிற் கைநாட்டு வைக்காதீர்கள். “வீட்டுக்குக் கொண்டுபோய் மகனிடம் காட்டிவிட்டு நாளை தருகிறேன், ஐயா” என்று சொல்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த நான்கு வேலைகளுக்கும் படித்தவரின் துணை தேவை. இங்கேதான் ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் சட்டத்தரணிகளையும் நோக்கிக் கேட்கிறேன். உங்களுட் பலரைப் படிக்க வைத்தது அந்தக் கொழுந்துக் கூடை. உங்கள் ஓய்வூதியம் உறுதியாக இருக்கிறது. உங்களைப் படிக்க வைத்தவர்களின் முதுமையோ ஆங்கிலத் தாளில் கரைகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசை போட்டு அமருங்கள். தொழிலாளர் தம் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் நிதிக் கணக்கையும் கொண்டுவரட்டும். நீங்கள் படித்துச் சொல்லுங்கள். பிழையிருந்தால் கடிதம் எழுதிக் கொடுங்கள். நம்மவர் நடத்திய கூட்டங்கள் பல. எழுதிய கடிதங்கள் சில. இனி அந்தக் கணக்கு மாறட்டும்.

அந்தத் தாயாரின் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் விலகிய சூழ்நிலையை விளக்கித் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதியுள்ளோம். வெல்வோம் என்று உறுதி கூற மாட்டேன், கைநாட்டு அவருடையதே. ஆனால் முறைப்பாட்டை எழுதி முடித்தபின், அதை நான் வாசித்துக் காட்டுமுன், அவரே என்னைத் தடுத்தார். “முதலில் தமிழிலே சொல்லுங்கள், ஐயா. பிறகு கையைப் போடுகிறேன்” என்றார்.

பிரட்டுக் களத்தில் இந்த ஒரு சொல்லை எல்லாத் தாய்மாரும் சொல்லப் பழகுவார்களானால், வயது முடிந்தது என்று பிறர் சொல்லும் காலம் முடிந்துவிடும்.